எது நல்லதாச் சொல்லும்

மாட்டுங்கா ஈஸ்ட். அரை மாடி.
ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறார்கள்
சர்க்கரைக்காரர்கள்.
பில் போடுவது நான். ஊசி போடுவது வைஷாலி.
மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட்டை
உறையில் போட்டுத் தருவதும் நான்தான்.

உறையை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போவதில்லை.
நான்காவது படியில்தான் சிக்னல் வரும்.
அங்கே நின்று ஒவ்வோர் எழுத்தாக,
உறையைப் பார்த்து, போனைப் பார்த்து,
உறையைப் பார்த்து.
குஜராத்திப் பெரியவர் ஒருவர் வாயைக் குவித்துப் போனிடம் கேட்பார்;
அது மூன்று முறையும் வேறெதையோ காதில் வாங்கிக்கொள்ளும்.

என் மேசைக் கணினியில் மூன்று உண்டு.
ஒன்று கணினியோடு வந்தது. யாரும் கூப்பிடவில்லை.
பந்திக்கு முந்துகிற சம்பந்தி மாதிரி
திறந்ததும் அதுதான் முன்னால் உட்கார்ந்திருக்கும்.
இன்னொன்று ஊரே கேட்பது.
மூன்றாவது வாத்துப் படம் போட்டது,
வைஷாலியின் தம்பி ஏற்றிக்கொடுத்தான்.
இது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதாம்.
கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தேடுபொறி என்கிறோம்.
பொறி என்றால் எலிக்கு வைப்பதும்தான்.

ஆள் எப்படி என்று பார்க்க
நமக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும்.
மூன்றிடமும் எங்கள் லேபைக் கேட்டேன்.
கணினியோடு வந்தது, ஒன்பது மணி வரை என்றது.
எட்டரைக்கே பூட்டுவோம்.
வாத்து, சந்து வரைக்கும் சரியாகக் கூட்டிவந்து
எதிர்ச்சாரிப் பல் டாக்டரிடம் விட்டது.
ஊரே கேட்பது சிவப்பு எழுத்தில் சொன்னது:
நிரந்தரமாக மூடப்பட்டது.

தலைக்கு மேல் மின்விசிறி.
உள்ளே வைஷாலி, கையை இறுக்கிப் பிடிங்க என்று
மராத்தியில் யாரையோ அதட்டுகிறாள்.
நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர்.
இசக்கிப்பாண்டி அன்றைக்கு வந்தார்.
தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், தாராவி தொண்ணூறடி ரோட்டுக்காரர்.
உறையை வாங்கிக்கொண்டு நான்காவது படிக்குப் போனார்.
ரொம்ப நேரம் நின்றார்.
திரும்ப ஏறி வந்து போனை என் பக்கம் திருப்பினார்.

'ஒண்ணு ஆறு மாசங்குது.
ஒண்ணு மஞ்சள் சாப்பிடச் சொல்லுது.
ஒண்ணு, எழுத்தைத் தப்பாப் போட்டுட்டீங்க, இதையா கேட்டீங்கன்னு
வேற ஒரு வியாதியைக் காட்டுது.
உங்க பெட்டியில எது நல்லதாச் சொல்லும்?'

டாக்டர்தான் சொல்லணும் என்பது எங்களுக்கு மனப்பாடம்.
சுவரில் மூன்று மொழியில் ஒட்டியும் இருக்கிறது.
வாயில் வரவில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
'பாருங்க அண்ணாச்சி, நாங்க மூடிட்டமாம்.'

படித்தார். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு,
ஊசியும் கையுமாக வைஷாலி எட்டிப் பார்த்தாள்.
'அப்ப என் காசை யாரு வாங்கினா?'
தண்ணீர் கேட்டார்.
லாரி லாரியாகக் கொண்டுபோகிறவர்
எங்கள் பாட்டிலில் பாதியைக் குடித்தார்.
சயான் ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை, காலையிலேயே டோக்கன்
என்று உறையின் முதுகில் எழுதிக்கொடுத்தேன்.
அதுவரைக்கும் போன்கிட்ட எதையும் கேட்காதீங்க என்றேன்.
சரி என்றார்.
கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.

அவர் இறங்கியதும் கேட்டேன்,
அந்த வார்த்தையை, மூன்றிடமும்.
என்ன சொல்லின என்று இங்கே எழுதப்போவதில்லை.
மறுநாள் பில் போடத் திறந்தால் ஓரத்தில் மஞ்சள் மாத்திரை,
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.
வாத்திடம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.
எனக்குத்தான் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது.

இன்று செவ்வாய். மழை விட்டிருக்கிறது.
கூட்டமில்லாத நேரம் பார்த்து
சிவப்பு எழுத்தின் கீழே 'தவறைத் தெரிவிக்க' என்று
இருந்ததை அழுத்தினேன்.
இந்த இடம் திறந்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்
என்று கேட்டது.
பதில் போட ஒரு சின்னக் கட்டம்.
உள்ளே இருந்துதான் எழுதுகிறேன் என்று தட்டினேன்.
பரிசீலிக்கிறோம் என்றது.

படியில் யாரோ ஏறி வருகிற சத்தம்.
நான்காவதில் நின்றது.